செற்றுக்கு வயர் மாற்றினால் ஒலி மாறுமா?

சென்ற ஆடி மாதம் கனடாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், என் அக்காவின் மகனுக்கு ஒரு சோடி ஆர்.சி.ஏ. வயர் கொண்டுவந்து கொடுத்தார். சுண்டுவிரல் தடிப்பும், வலைபோற் பின்னிய கறுப்பு உறையும், பொன்முலாம் பூசிய முனைகளும் கொண்ட அந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இதைப் போட்டால் எங்கட செற் இன்னும் வடிவாய்க் கேக்குமோ?" என்று மருமகன் கேட்டான். அவன் வீட்டில் இருப்பது ஒரு பழைய அம்பிளிபயர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், ஒரு டி.வி.டி. பிளேயர். பிளேயரையும் அம்பிளிபயரையும் இணைத்திருந்தது, பிளேயரின் பெட்டிக்குள்ளேயே வந்த மெல்லிய வயர்.

பழைய வயர் பழுதில்லாமல் இருந்தால், புதிய வயரால் ஒலி மேம்படாது. பழுதாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்குச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாதாரண வயரே போதும். இதுதான் அவனுக்கு நான் சொன்ன விடை. ஆயினும் விடையை மட்டும் சொல்லி விடுவது அவனுக்கு நியாயமாகாது. வன்னியில் ஒரு செற் வாங்குவதற்கு ஒரு குடும்பம் எத்தனை போகம் பார்த்துக் காசு சேர்க்கிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில், காசு எங்கே போனால் ஒலியாகத் திரும்பி வரும், எங்கே போனால் வராது என்பதைக் காரணத்தோடு விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், எந்த வயரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு செற்றில் இரண்டு வகை வயர்கள் உண்டு. பிளேயர், தொலைக்காட்சி, கணினி போன்றவற்றிலிருந்து அம்பிளிபயருக்குச் சமிக்ஞையைக் கொண்டுபோவது ஒன்று. அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு வலுவைக் கொண்டுபோவது மற்றொன்று. முதல் வகையைத்தான் கடைகளில் ஆர்.சி.ஏ. வயர் என்று கேட்டு வாங்குகிறோம். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்த முனை, 1930களில் அதை அறிமுகப்படுத்திய ரேடியோ கோர்ப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. இந்த இரண்டு வகை வயர்களின் வேலையும் வேறு வேறானது என்பதை விளங்கிக்கொண்டால், மீதி எல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

வீடு கட்டும் இடத்தில் மேசன்மார் மட்டம் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். விரல் தடிப்புக்கூட இல்லாத ஒரு தெளிவான ரியூப்பில் நீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு மூலையிலும் மறுமுனையை எதிர் மூலையிலும் பிடிக்கிறார்கள். இந்தப் பக்கம் நீர் நிற்கும் உயரமே அந்தப் பக்கத்திலும் நிற்கிறது. ரியூப்புக்குள் நீர் ஓடவேண்டிய தேவை மிகக் குறைவு. போய்ச் சேரவேண்டியது மட்டம் மட்டுமே. ஆகவே அந்த ரியூப்பை இரண்டு அங்குலக் குழாயாக மாற்றினாலும் மட்டம் ஒரு நூல்கூடக் கூடவோ குறையவோ செய்யாது. இதற்கு மாறாக, இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசி வயலுக்கு நீர் போய்ச் சேராது, ஏனென்றால் அங்கே உண்மையாகவே நீர் ஓடவேண்டியிருக்கிறது. ஆர்.சி.ஏ. வயர் மேசனின் ரியூப்பைப் போன்றது. ஸ்பீக்கர் வயர் வாய்க்காலைப் போன்றது.

இதை எண்களாற் பார்ப்போம். ஒரு சீ.டி. பிளேயர் உச்சத்தை அண்டிய ஒலியின்போது ஏறத்தாழ 2 வோல்ற்று சமிக்ஞையை வெளியே விடுகிறது. அதை வாங்கும் அம்பிளிபயரின் உள்வாயில், 10,000 ஓம் முதல் 47,000 ஓம் வரையான பெரிய தடையாக வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. 20,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், வயரில் ஓடும் மின்னோட்டம் ஓர் அம்பியரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீற்றர் நீளமான மெல்லிய வயரின் தடை சுமார் 0.1 ஓம் அளவில் இருக்கும். 20,000 ஓமோடு ஒப்பிடும்போது அந்த வயரில் இழக்கப்படும் பங்கு பத்து இலட்சத்தில் ஐந்து. ஒலியளவைக் கணிக்கும் அலகான டெசிபெலிற் சொன்னால் 0.00005 இற்கும் குறைவு. அமைதியான அறையில், பழகிய காதுக்குக்கூட, அரை டெசிபெல் மாற்றத்தைப் பிடிப்பது எளிதன்று. வயரின் செம்பை இரட்டிப்பாக்கினால் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத இந்தச் சிறிய இழப்பிற் பாதி மீளும், அவ்வளவே.

தடையை விட்டால் வயருக்குள்ள முக்கியமான அடுத்த இயல்பு கொள்ளளவம். நடுவிற் செல்லும் கம்பியும் அதைச் சுற்றியுள்ள வலைக்கவசமும் சேர்ந்து, மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு சிறிய கொள்ளளவிபோல நடந்துகொள்ளும். மீடிறன், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை, கூடக்கூட அது சமிக்ஞையைச் சிறிது சிறிதாக விழுங்கும். கீச்சொலி மங்குவதற்கு இது காரணமாகலாம் என்று சொல்லப்படுவதைக் கோட்பாட்டளவில் மறுக்கமுடியாது. ஆனால் சாதாரண வயரின் கொள்ளளவம் மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட். பிளேயரின் வெளிவாயில் தடை 1,000 ஓம் என்று தாராளமாக வைத்துக் கணக்கிட்டாலும், ஒரு மீற்றர் வயர் சமிக்ஞையைக் குறிப்பிடத்தக்க அளவு தாழ்த்தத் தொடங்கும் இடம் 16 இலட்சம் ஹேர்ட்ஸை அண்டியே வருகிறது. இளம்பிள்ளையின் காதுக்கே எல்லை 20,000 ஹேர்ட்ஸ். அதைப்போல ஏறத்தாழ 80 மடங்கு மேலே நடப்பது எதுவும் நம் வீட்டு விறாந்தையை வந்தடையாது.

விலை கூடிய வயர்களின் உறையில் எழுதப்பட்டிருக்கும் சொற்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒட்சிசன் நீக்கிய செம்பு என்பது உண்மையான பொருள்தான். ஆனால் அதன் கடத்துதிறன் சாதாரண மின்வயர்ச் செம்பைவிட நூற்றுக்கு ஒன்று அளவிலேயே மிகும். வெள்ளி செம்பைவிட நூற்றுக்கு ஆறு அளவில் நன்றாகக் கடத்தும். பொன் செம்பைவிடக் குறைவாகவே கடத்தும். முனைகளில் அதைப் பூசுவது, அது கறுக்காது, களிம்பு பிடிக்காது என்பதற்காக. வயரில் அம்புக்குறி இருந்தால், வலைக்கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்திருக்கிறார்கள் என்பதை அது குறிக்கலாம். மற்றப்படி ஒலிச் சமிக்ஞை ஒவ்வொரு கணமும் முன்னும் பின்னுமாக அலைவது என்பதால் அதற்குப் போகும் திசை, வரும் திசை என்று இல்லை. எச்.டி.எம்.ஐ. போன்ற இலக்கமுறை வயர்களிற் போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒலி முழுமையாக இருக்கும். சேராவிட்டால் விட்டுவிட்டுக் கேட்கும் அல்லது கேளாமலே போகும். இனிமை குறைந்த எண் என்று ஒன்று கிடையாது.

அப்படியானால், வயர் மாற்றியதும் ஒலி தெளிந்தது என்று நேர்மையானவர்கள் பலர் சொல்வது ஏன்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மருமகன் வீட்டிலும் அதுதான் நடந்தது. புதிய வயரைப் போட்ட முதல் மாலையே, வலப்பக்க ஸ்பீக்கரில் இடைக்கிடை வந்துகொண்டிருந்த கரகரப்பு நின்றுவிட்டது. ஒலி கணீரென்று வருகிறது என்று வீட்டார் எல்லோரும் சொன்னார்கள், நானும் அதைக் கேட்டேன். மறுநாள் பழைய வயரைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் சிவப்பு முனையின் உள்ளே பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. வெளி வளையமும் விரிந்து தளர்ந்திருந்தது. முனையைச் சுத்தம் செய்து, வளையத்தைக் குறட்டால் மெதுவாக நெருக்கி, அதே வயரைத் திரும்பப் போட்டோம். கரகரப்பு வரவில்லை. ஒலியைத் திருத்தியது விலை கூடிய செம்பன்று, நல்ல தொடுகை.

இதற்குப் பிறகும் புதியதில் ஓர் இனிமை கூடுதலாக இருக்கிறது என்று மருமகன் சொன்னான். அதற்காக ஒரு சோதனை செய்தோம். இதை யாரும் தம் வீட்டிற் செய்துபார்க்கலாம். அம்பிளிபயரின் பின்பக்கத்தைச் சீலையால் மறைத்து, ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் அசையாதபடி பிளாஸ்ரர் ஒட்டி, என் மகளை மறைவில் இருத்தினோம். அவள் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் புதிய வயரையும் தலை விழுந்தால் பழைய வயரையும் செருகி, எதுவும் பேசாமல் கொப்பியிற் குறித்துக்கொண்டாள். வயர் மாறாத முறைகளிலும் கழற்றிச் செருகினாள், ஏனென்றால் சத்தத்தை வைத்து ஊகிக்க இடமிருக்கக் கூடாது. பாட்டின் அதே பகுதியைப் பத்துத் தடவை கேட்ட மருமகன், ஆறு தடவை சரியாகச் சொன்னான். கண்ணை மூடி ஊகித்தாலே சராசரியாக ஐந்து சரிவரும். பத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லியிருந்தால், வெறும் ஊகத்தால் அது நேர ஏறத்தாழ நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு என்பதால், நான் என் கருத்தை மாற்றிக்கொண்டு மறுபடி சோதித்திருப்பேன்.

குமிழுக்குப் பிளாஸ்ரர் ஒட்டியதற்கு முக்கியமான காரணம் உண்டு. சிறிது உரத்த ஒலி நமக்கு உரத்ததாகத் தோன்றாமல் சிறந்ததாகத் தோன்றும்; உரப்பைப் பொறுத்துக் காது தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் வெவ்வேறு அளவில் உணர்கிறது என்பதை பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933 இலேயே அளந்து காட்டினார்கள். ஒலியின் நுணுக்கங்களை நினைவில் வைத்திருக்கும் ஆற்றலும் நமக்குச் சில விநாடிகளுக்கே உண்டு. வயரைக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் எடுத்தால், ஒப்பிடுவது ஒலியோடு அன்று, ஒலியைப் பற்றிய நம் எண்ணத்தோடு. வெளிநாடுகளிலும் இந்த விவாதம் தீர்ந்தபாடில்லை. 2007 இல் அமெரிக்காவில், 7,250 டொலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரிலிருந்து மறைசோதனையிற் பிரித்துக் காட்டினால் பத்து இலட்சம் டொலர் தருவதாக, போலிகளை அம்பலப்படுத்துவதிற் பேர்பெற்ற மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தச் சோதனை நடைபெறாமலே போய்விட்டது.

இனி, வயர் உண்மையாகவே குற்றவாளியாகும் இடங்களுக்கு வருகிறேன். வன்னியில் இவை குறைவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்து வீடுகளில் உப்புக்காற்று, மாரியில் எங்கும் நிறைந்த ஈரம், கோடையில் யன்னலால் வந்து படியும் செம்மண் தூசி ஆகிய மூன்றும் உலோக முனைகளுக்குப் பகை. செம்பிற் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமை சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஆனால் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் துலக்குவதுபோல வயர் முனைக்குப் புளியோ தேசிக்காயோ போடக்கூடாது. எஞ்சும் அமிலமும் ஈரமும் உள்ளே இறங்கி இன்னும் விரைவாக அரிக்கும். மின்னை நிறுத்திவிட்டு, வயரைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் முனையைத் தேய்த்து, அற்ககோல் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகினாற் போதும். மாரி தொடங்க முன் ஒரு தடவையும் முடிந்த பின் ஒரு தடவையும் இதைச் செய்யலாம். பொன்முலாம் பூசிய முனைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதை, கரையோரத்தில் இருப்பவருக்கு நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முனையை அழிறப்பரால் தேய்க்கக்கூடாது, முலாம் மெல்லியது.

மற்றொரு பழுது, முனைக்குள் ஈயம் வைத்து ஒட்டிய இடத்திற் கம்பி முறிவது. வயரை அசைத்தால் ஒரு பக்கம் வந்து வந்து போனால் அதுதான் காரணம். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் பற்றறியும் கிடையாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலத்தை இங்கே பலர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று வானொலி நின்றுபோனால் முதலில் தேடியது, முறுக்கிப் பிளாஸ்ரர் சுற்றிய மூட்டைத்தான். செம்பு கெட்டு வானொலி நின்றதாக எனக்கு நினைவில்லை. இன்றும் அதே ஒழுங்கிலேதான் தேடவேண்டும். மல்ரிமீற்றர் ஒன்று கையில் இருந்தால், முனைக்கு முனை தடையைப் பார்த்தபடி வயரை அசைத்தால் முறிவு ஒரு நிமிடத்தில் வெளிப்படும்.

மூன்றாவது, உம்மென்ற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் வருவதால் அந்த இரைச்சலும் 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் தாழ்ந்த சுருதியாகக் கேட்கும். வயரில் வலைக்கவசம் இல்லாவிட்டாலோ, இருந்தும் ஒரு முனையில் விட்டுப்போயிருந்தாலோ, அருகிற் செல்லும் மின்வயரிலிருந்து அது புகுந்துவிடும். அப்போது வேறு நல்ல வயரைப் போட்டதும் நின்றுவிடும். ஆனால் வயர் நன்றாக இருந்தும் இரைச்சல் நிற்காவிட்டால், இரண்டு கருவிகள் இரண்டு வழியாகப் புவித்தொடுப்பைப் பெற்று, இடையிலுள்ள ஆர்.சி.ஏ. வயரின் கவசத்தின் ஊடாக ஒரு வளையத்தை உண்டாக்கியிருக்கக் கூடும். கூரையிலுள்ள டிஷ்ஷின் வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், அல்லது மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பற்றறியில் விட்டதும் நின்றால், காரணம் இந்த வளையமே. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்செருகித் தொகுதியில் இணைப்பது பெரும்பாலும் போதும். போதாவிட்டால் சமிக்ஞை வழியில் வைக்கும் சிறிய பிரிப்பு மாற்றி (ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர்) ஒன்று வேண்டும். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முனைச் செருகியின் புவி முனையை வெட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த முனை உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை அம்பிளிபயரைத் தொட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

வயரின் தரமும் அமைப்பும் முன்னே வந்து நிற்கும் வேலைகளும் உண்டு. இசைத்தட்டுச் சுழற்றியின் காந்த ஊசி தருவது ஐந்து மில்லிவோல்ற்று அளவே. அதன் சுருள் வயரின் கொள்ளளவத்தோடு சேர்ந்து ஒலியின் மேற்பகுதியை மாற்றக்கூடியது. மின்கிற்றாரும் அப்படியே. வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெருந்திருவிழாவில் ஒலிபெருக்கி போடுபவர்கள், சில மில்லிவோல்ற்று மட்டுமே தரும் மைக்கிலிருந்து ஜெனரேற்றர்களையும் மின்சோடனை வயர்களையும் கடந்து நீளமாக வயர் இழுக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் அவர்கள் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். வயரைப் பயன்படுத்துகிறார்கள்: ஒரே சமிக்ஞை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது, வழியிற் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறுகிறது, மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அற்றுப்போய்ச் சமிக்ஞை எஞ்சுகிறது. வீட்டில் ஒரு மீற்றர் தூரத்துக்கு 2 வோல்ற்றைக் கொண்டுபோக இந்த ஏற்பாடு தேவையில்லை.

வாய்க்கால் என்று சொன்ன ஸ்பீக்கர் வயரைப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாற்று போகும்போது ஓடும் மின்னோட்டம் ஒன்றரை அம்பியருக்கு மேல். மருமகன் வீட்டிற் சுவரோரமாகச் சுற்றி 5 மீற்றர் போனது அரைச் சதுர மில்லிமீற்றர் வயர். போய்வரும் 10 மீற்றருக்கு அதன் தடை ஏறத்தாழ 0.34 ஓம், அதாவது 8 ஓமில் நூற்றுக்கு நான்கு. ஆர்.சி.ஏ. வயரின் இழப்போடு ஒப்பிட்டால் இது பல ஆயிரம் மடங்கு. வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு கம்பிகள் சேர்ந்தது, ஏறத்தாழ இரண்டரைச் சதுர மில்லிமீற்றர். அதைப் போட்டால் தடை 0.07 ஓமாகக் குறையும். தடிப்புக்குக் காசு கொடுக்க விரும்புபவர் இந்த இடத்திற் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது அறை. வீட்டுத்திட்ட வீடுகளின் சீமெந்துத் தரையும், பூசிய வெறுஞ்சுவர்களும், பொருட்கள் குறைந்த பத்தடி அறையும் ஒலியை விழுங்காமற் திருப்பித் திருப்பி எறிகின்றன. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சலங்கைபோல ஒரு நடுக்கம் பின்னால் வந்தால், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் அது கலந்திருக்கிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கிடையே, நம் வெப்பநிலையில், 57 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள பேஸ் ஒலி தேங்கி நின்று முழங்கும். இருக்கும் இடத்தைப் பொறுத்து அந்த ஏற்றத்தாழ்வு பத்து டெசிபெலைத் தாண்டுவது வழமை. நூற்றிலொரு டெசிபெல் அளவைக்கூட எட்டாத ஆர்.சி.ஏ. வயரைப் பற்றி யோசித்துக்கொண்டு, பத்து டெசிபெல் மாற்றும் மூலையில் ஸ்பீக்கரை வைத்திருப்பதுதான் என்னை வருத்துகிறது.

மருமகனும் நானும் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்து, இருக்கையைப் பின்சுவரிலிருந்து விலக்கி, காது மட்டத்துக்கு வரும்படி பெட்டிகளைப் பலகையில் ஏற்றி வைத்தோம். சீலையால் மறைக்காமல், ஒன்றுமே சொல்லாமல் பாட்டைப் போட்டபோது, குசினியில் நின்ற அக்கா என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கனடா வயர் முனை இறுக்கமாக இருப்பதால் அப்படியே செருகியிருக்கிறது. பழையது சுத்தமாக லாச்சிக்குள் இருக்கிறது. அடுத்த கிழமை அவன் கடைக்குப் போய் வாங்கி வந்தது 7/0.67 வயர் இருபது மீற்றரும், ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் விரிக்க ஒரு பெரிய பன்பாயும்.